குறுகிய வழியே போதும்

இன்டர்நெட் போனில் குரல் உடைந்தால் எல்லோரும் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். குரல் கேட்பதோ கொஞ்சம் இடம், நிறைய ஒழுங்கு.

பெங்களூரின் காக்ஸ் டவுனுக்குக் கடல் கடந்த அழைப்பு புதிதல்ல. 1809-ல் ஆங்கிலேயர்கள் கன்டோன்மென்ட் அமைத்தபோது படையோடு வந்த தமிழர்களின் சந்ததியினர் அல்சூர், சிவாஜி நகர் என்று வேரூன்றி, பிற்காலத்தில் உருவான ஃப்ரேசர் டவுனிலும் காக்ஸ் டவுனிலும் குடியேறினார்கள். அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல, சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பலேறின. பின்னால் சாஃப்ட்வேர் யுகம் பிறந்ததும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். பெற்றோர் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அழைப்பை எதிர்பார்த்துக்கொண்டு.

அன்று டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு ஐ.எஸ்.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்தபடி அவசர அவசரமாகப் பேசினார்கள். இன்று செல்போன் திரையைத் தொட்டால் போதும். மீட்டர் பயம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் போகவில்லை: ‘கேக்குதா?’ காக்ஸ் டவுனோ கோவில்பட்டியோ, இன்டர்நெட் அழைப்பில் இந்த வார்த்தை இல்லாமல் ஐந்து நிமிடம் கழிவது அபூர்வம்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இணைப்பு தரும் கம்பெனிக்குப் போன் செய்து விநாடிக்கு 40 மெகாபிட்டை 100 ஆக்குவது; அதுவும் போதவில்லை என்றால் 300. மாதச் சந்தா உயர்கிறது. ‘கேக்குதா?’ மட்டும் குறைவதில்லை. ஏன் என்று புரிய, மனிதக் குரல் கம்பியில் போக எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் பலருக்கு ஆச்சரியம் தரும்.

அறுபத்து நான்கின் கதை

மனிதக் காது சுமாராக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அத்தனையையும் அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று டெலிபோன் பொறியாளர்கள் அந்தக் காலத்திலேயே முடிவு செய்தார்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினார்கள். 3,400-க்கு மேலேயும் வெட்டினார்கள். நடுவில் மிஞ்சியதே பேச்சு புரியவும், பேசுவது யார் என்று அடையாளம் தெரியவும் போதுமானதாக இருந்தது.

இந்தக் குரலை எண்களாக மாற்றும் யோசனை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளருக்கு 1937-ல் தோன்றியது. குரல் அலையின் உயரத்தை விநாடிக்கு 8,000 தடவை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுத வேண்டும். எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் விநாடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். 1972-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை ஜி.711 என்ற பெயரில் தரமாக்கியது. குரலை எண்ணாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் இப்படிப்பட்ட முறைக்குத்தான் ‘கோடெக்’ என்று பெயர். அரை நூற்றாண்டு கடந்தும் ஜி.711 வழக்கில் இருக்கிறது. வங்கியின் கால் சென்டருக்குப் போகும் அழைப்பில் எங்காவது ஓரிடத்தில் அது எட்டிப்பார்க்க வாய்ப்பு அதிகம்.

3,400-க்கு மேல் வெட்டியதற்கு விலை இல்லாமல் இல்லை. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற காற்றொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. போனில் இனிஷியல் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று எதிர்முனை திரும்பக் கேட்பது இதனால்தான். தமிழுக்கு ஓர் அதிர்ஷ்டம்: ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலி வேறுபாடுகள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன. வாழைப்பழம் போனில் வாளப்பளமாக ஒலித்தால் குற்றம் பேசுகிறவருடையது, டெலிபோனுடையதல்ல.

பெங்களூர் வழி

காக்ஸ் டவுனுக்குக் கிழக்கே தூரவாணி நகர் என்றோர் இடம் இருக்கிறது. தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. 1948-ல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையால் வந்த பெயர். நாடு முழுவதும் வரவேற்பறைகளில் உட்கார்ந்திருந்த கனத்த கறுப்பு போன்களுக்கு அதுதான் பிறந்த வீடு. ஆனால் இன்றைய இன்டர்நெட் போனுக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு நகரத்தின் மறுபக்கத்தில், மல்லேஸ்வரத்தை அடுத்த இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்குகிறது.

கான்பூரில் பிறந்து லக்னோவில் படித்த பிஷ்ணு அடல் 1955-ல் இங்கே மின் தொடர்பியலில் டிப்ளமோ பெற்றார். 1957 முதல் 1960 வரை இங்கேயே விரிவுரையாளராக இருந்தார். 1961-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஜெர்மானிய விஞ்ஞானி மான்ஃப்ரட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1960-களின் பிற்பகுதியில் அவர் பிடித்த சூட்சுமம் இதுதான்: பேச்சொலி கண்டபடி மாறுவதில்லை. தொண்டையும் நாக்கும் உதடும் சதையாலானவை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ முடியாது. ஆகவே கடைசிப் பத்துப் பன்னிரண்டு அளவுகள் தெரிந்தால் அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம். ஏறக்குறைய இதே சமயத்தில் ஜப்பானில் இடாகுரா, சைட்டோ என்ற இருவரும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஊகிக்க முடிந்ததை ஏன் அனுப்ப வேண்டும்? ஊகிக்கும் விதியையும், ஊகம் எவ்வளவு தவறியது என்பதையும் அனுப்பினால் போதாதா? தவறிய பகுதியை எப்படிச் சுருக்குவது என்பதுதான் அடுத்த சிக்கல். 1985-ல் அடலும் ஷ்ரோடரும் அதற்கும் ஒரு வழி சொன்னார்கள்.

ஜவுளிக் கடையில் உள்ள மாதிரித் துணிப் புத்தகத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். காஞ்சிபுரத்தில் ஒரு புத்தகம், பெங்களூரில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி. ‘எண் 417’ என்று சொன்னால் போதும். துணியை அனுப்பிக் காட்ட வேண்டியதில்லை. அதுபோல 1,024 சிறு ஒலித் துணுக்குகள் கொண்ட ஒரு புத்தகத்தை இரண்டு முனையிலும் வைத்துக்கொள்வது. பேசும்போது எந்தத் துணுக்கு குரலோடு மிக நெருங்கிப் பொருந்துகிறதோ அதன் எண்ணை மட்டும் அனுப்புவது. பத்தே பிட்டுகளில் வேலை முடிந்துவிடும். பிடித்துப் பார்த்துப் பொருத்துவதுதான் பெரும்பாடு. அன்றைக்கு உலகின் அசுர இயந்திரங்களில் ஒன்றான க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் பிடித்தது.

அந்த வேலையை இன்று சட்டைப் பையில் இருக்கும் சாதாரண செல்போன் பேசப் பேசச் செய்து முடிக்கிறது. செல்போன்களிலும் இன்டர்நெட் அழைப்புகளிலும் இன்று புழங்கும் கோடெக்குகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஊகமும் இந்த மாதிரிப் புத்தகமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. 1996-ல் வந்த ஜி.729, 64 கிலோபிட்டில் போன குரலை 8 கிலோபிட்டில் அடக்கியது. சாதாரண செல்போன் அழைப்புக்கு 1999-ல் ஏற்கப்பட்ட ஏ.எம்.ஆர்., சிக்னலின் பலத்தைப் பார்த்து 12.2 கிலோபிட்டிலிருந்து 4.75 வரை தானே இறங்கிக்கொள்ளும். 2012-ல் தரமாக்கப்பட்ட ஓபஸ் 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை எதற்கும் தயார். ராயல்டி இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் இன்டர்நெட் அழைப்புகளில் அது பரவலாக இடம்பிடித்துவிட்டது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இவற்றில் மிகச் சிக்கனமானவை மனிதத் தொண்டையை மட்டுமே மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரு சமயத்தில் ஒரே ஒருவர் பேசினால் அழகாக வேலை செய்யும். தம்பூரா சுருதியோடு பாட்டி பாடினாலோ, கல்யாண மண்டபத்திலிருந்து நாதஸ்வரத்தைக் கேட்கச் சொல்லி போனைத் தூக்கிப் பிடித்தாலோ அவை திண்டாடிவிடும். இசைக்கருவிக்குத் தொண்டை கிடையாதே! சாதாரண செல்போனில் காலர் டியூன் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதன் ரகசியமும் இதுதான். பேத்திக்குப் பாட்டுச் சொல்லித்தர விரும்பும் பாட்டி, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. சில நிரல்கள் தம்பூராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக் கழித்துவிடுகின்றன.

கடிதமும் உறையும்

8 கிலோபிட்டில் குரல் அடங்கிவிட்டது என்றால் அழைப்புக்கு 8 கிலோபிட் போதுமா? போதாது. பலரின் கணக்கு தவறும் இடம் இது.

இன்டர்நெட்டில் குரல் ஒழுகி ஓடுவதில்லை; பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம், விநாடிக்கு 50. ஒவ்வொன்றின் மேலும் விலாசம், வரிசை எண், நேரம் எல்லாம் எழுத வேண்டும். இப்போதும் பரவலாக உள்ள பழைய விலாச முறையில் இந்த மேலெழுத்து மட்டும் 40 பைட். ஜி.729 முறையில் 20 மில்லி விநாடிக் குரல் வெறும் 20 பைட்தான். கடிதம் இருபது, உறை நாற்பது. மொத்தம் 60 பைட், விநாடிக்கு 50 தடவை. விநாடிக்கு 24 கிலோபிட். எட்டு என்று சொன்னது இப்படித்தான் மூன்று மடங்காகிறது.

பழைய ஜி.711-ல் கடிதம் 160 பைட், உறை 40. மொத்தம் 80 கிலோபிட். ஓபஸை 24 கிலோபிட்டில் ஓட்டினால் உறையோடு சேர்த்து 40 கிலோபிட். இந்தியாவில் வேகமாகப் பரவிவிட்ட புதிய விலாச முறையில் உறை இன்னும் 20 பைட் பெரிது. அப்போது ஜி.729-ன் 24 கிலோபிட் 32 ஆகும்.

அப்படியானால் பொட்டலத்துக்குப் பொட்டலம் குரலை அதிகமாக அடைத்து உறைகளைக் குறைக்கலாமே? அடைக்கலாம். ஆனால் பை நிறையும் வரை காத்திருக்க வேண்டும். சிக்கனத்தின் விலை தாமதம். இந்தப் பேரம் எல்லா கோடெக்கிலும் இருக்கிறது.

இந்தச் சிக்கனம் ஒரு காலத்தில் உயிர்மூச்சாக இருந்தது. 1995 பிப்ரவரியில் இஸ்ரேலின் வோக்கல்டெக் கம்பெனி இன்டர்நெட் போன் சாஃப்ட்வேரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அன்றைய மோடத்தில் 64 கிலோபிட் கனவிலும் கிடையாது. அந்தச் சந்தில் குரலை நுழைக்க ஜி.723.1 என்ற கோடெக் வந்தது. அதில் குரலுக்கு 6.3 கிலோபிட், உறையோடு 17. மோடம் 28.8-ல் இணைந்தால் பேசிவிடலாம். ஆனால் இந்தியாவில் சட்டம் குறுக்கே நின்றது. கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுக்குப் பேசுவதற்கு இருந்த தடை நீங்கியது 2002 ஏப்ரல் 1-ல்தான். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்த குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 256 கிலோபிட். இன்று அது சிரிப்பைத் தரலாம். ஆனால் அதில்கூட ஜி.711 அழைப்புகள் மூன்று, ஜி.729 அழைப்புகள் பத்து, கணக்குப்படி போய்விடும்.

இப்போது 100 மெகாபிட் இணைப்பைப் பார்க்கலாம். 80 கிலோபிட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் காகிதத்தில் அது 1,250 அழைப்புகளைத் தாங்கும். பேசப்போவது ஒன்றே ஒன்று. ஓபஸ் வழியாக நியூ ஜெர்சிக்குப் பத்து நிமிடம் பேசினால், போவதும் வருவதும் சேர்த்து 6 மெகாபைட் ஆகும். நல்ல செல்போன் கேமராவில் எடுத்த ஓரிரு புகைப்படங்களின் எடை, அவ்வளவுதான்.

பிறகு ஏன் குரல் உடைகிறது?

நூற்றைம்பது மில்லி விநாடி

குரலுக்கு வேண்டியது அகலம் அல்ல, நேரந்தவறாமை. மின்னஞ்சல் இரண்டு விநாடி தாமதமாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. குரல் கால் விநாடி தாமதித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீ சொல்லு’ ‘இல்ல, நீங்க சொல்லுங்க’ என்று மாட்டிக்கொள்வார்கள். வாயிலிருந்து காதுக்கு ஒருவழிப் பயணம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. 400-ஐத் தாண்டக் கூடாது.

பழைய ஐ.எஸ்.டி. அழைப்புகள் இதில் தேறவில்லை. 1971-ல் புனே அருகே ஆர்வியில் அமைந்த தரை நிலையம் போன்றவை வழியாகக் குரல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கியது. ஒளியின் வேகத்திலேயே அதற்குக் கால் விநாடி ஆகிவிடும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு அரை விநாடி காத்திருக்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது.

இன்று கண்ணாடி இழை. பெங்களூருக்குக் கடல் இல்லை. அழைப்பு தரைவழியே சென்னைக்கோ மும்பைக்கோ போய்த்தான் கடலுக்குள் இறங்க வேண்டும். இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். பெங்களூரிலிருந்து நியூ ஜெர்சி நேர்க்கோட்டில் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்; ஓட்டம் மட்டுமே 65 மில்லி விநாடியைத் தாண்டும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் 100-ஐயும் தாண்டிவிடும். 150-ல் 100 கடலிலேயே கரைந்துவிட்டது. மிஞ்சிய ஐம்பதில்தான் மற்றதெல்லாம் நடக்க வேண்டும். கோடெக் பொட்டலம் கட்ட 20 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். மறுமுனையில், முன்னும் பின்னுமாக வந்து சேரும் பொட்டலங்களை வரிசைப்படுத்த ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. பொறியாளர்கள் இதை ‘ஜிட்டர் பஃபர்’ என்கிறார்கள். பொட்டலங்கள் எவ்வளவு ஒழுங்கில்லாமல் வருகின்றனவோ அவ்வளவு நேரம் அந்த அறை பிடித்துவைக்கும். அதையும் தாண்டித் தாமதமாக வரும் பொட்டலம் குப்பைக்குத்தான் போகும். கதவு சாத்திய பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு முகூர்த்தம் காத்திருக்காது.

ஆக, வீட்டில் வீணாகும் ஒவ்வொரு மில்லி விநாடியும் அழைப்பைக் கெடுக்கிறது. வீணாவது பெரும்பாலும் ஓரிடத்தில்: வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் ரௌட்டரில்.

பேரன் செல்போனில் எடுத்த கல்யாண வீடியோ இன்டர்நெட் சேமிப்புக்குத் தானே ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும் வழியின் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். ரௌட்டர் ஒரு மெகாபைட் வரை வரிசையில் நிறுத்திவைக்கும். வரிசை நிரம்பியிருந்தால் அதன் கடைசியில் வந்து நிற்கும் குரல் பொட்டலம் 400 மில்லி விநாடி காத்திருக்கும். இரண்டு முழம் பூ வாங்க வந்தவர், மளிகைக் கடையில் மாதச் சாமான் பட்டியலுடன் நிற்பவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கதை. அழைப்பில் நியூ ஜெர்சி மகனின் குரல் இங்கே தெளிவாகக் கேட்கும். அம்மாவின் குரல்தான் அங்கே உடைந்து விழும். நெரிசல் போகும் வழியில், வரும் வழியில் இல்லை. வேகத்தைக் கூட்டினால் சில சமயம் குணம் தெரிவதும் உண்மை. வரிசை சீக்கிரம் கரைகிறது. ஆனால் வீடியோ ஏறுவதை அரை மணி நிறுத்திவைத்தாலும் அதே குணம் கிடைக்கும், செலவில்லாமல்.

இரண்டாவது குற்றவாளி வை-ஃபை. கன்டோன்மென்ட் பகுதியின் பழைய வீடுகளில் சுவர்கள் கனமானவை. கூடத்தில் ரௌட்டர், பின்கட்டில் பாட்டி என்றால், சிக்னல் இரண்டு சுவர் தாண்ட வேண்டும். அடுக்குமாடி என்றால் அண்டை வீட்டு ரௌட்டர்கள் அதே அலைவரிசையில் கூச்சலிடும். போய்ச் சேராத பொட்டலத்தை வை-ஃபை திரும்பத் திரும்ப அனுப்பும். கடைசியில் போய்ச் சேரும். ஆனால் நேரம் கடந்து.

நோய்க்கு நோய் அறிகுறி வேறு

குரல் சரியில்லை என்று பொதுவாகச் சொல்வது, வயிறு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்வது போல. சற்றுக் கவனித்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும்.

ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினால் நோய் தாமதம். வார்த்தைகள் நடுவில் காணாமல் போனாலோ, குரல் இயந்திர மனிதனுடையதுபோல் இழுத்தாலோ பொட்டல இழப்பு. குரல் உடையாமல், ஆனால் மங்கலாகப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், கோடெக் சிக்கன நிலைக்கு இறங்கியிருக்கிறது. அல்லது ப்ளூடூத் கருவி தன் பழைய குறுகிய கோடெக்குக்கு மாறியிருக்கிறது. தன் குரலே திரும்பிக் கேட்டால் தவறு பெரும்பாலும் எதிர்முனை ஸ்பீக்கரில். அவர் ஒலியைக் குறைத்தால் இவருக்குத் தீரும். வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் எப்போதும் விழுங்கப்பட்டு, ‘ஹலோ’ என்பது ‘லோ’ ஆனால், மௌனத்தை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதி விழித்துக்கொள்ளச் சோம்பல்படுகிறது.

வைத்தியங்களும் எளியவை. பேசும் நேரத்தில் ரௌட்டர் இருக்கும் அறைக்குப் போவது. முடிந்தால் கம்ப்யூட்டரைக் கம்பியில் இணைப்பது. வீடியோ ஏற்றத்தை இரவுக்குத் தள்ளுவது. படம் தேவையில்லை என்றால் கேமராவை அணைப்பது. படத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோபிட் வேண்டும், குரலுக்கு நாற்பது. குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை தரும் வசதி பல ரௌட்டர்களில் இருக்கிறது. பொருத்த வரும் ஊழியரிடம் கேட்டால் செய்து தருவார். இவ்வளவும் செய்த பிறகும் குரல் உடைந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம். சிக்னல் மோசமான கிராமத்துக்குப் பேசும்போது, வாட்ஸ்அப்பில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா செலவழிக்கும் தேர்வை இயக்கிப் பார்க்கலாம். மங்கலான முழுக் குரல், தெளிவான அரைக் குரலைவிட மேல்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, சாதாரண செல்போன் அழைப்பையே பொட்டலங்களாக அனுப்பியது. மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. அந்த வலைகளில் குரலுக்குத் தனி வழி உண்டு. உறையைக்கூடச் சில பைட்டுகளாகச் சுருக்கிவிடுகிறார்கள். சாதாரண அழைப்பு பல சமயம் இன்டர்நெட் அழைப்பைவிட ஒழுங்காக இருப்பது அந்தத் தனி வழியால்தான். இன்டர்நெட் அழைப்பு பொதுச் சாலையில் லாரிகளோடு போகிறது.

தொலைந்த எழுத்தை யார் எழுதுகிறார்கள்?

பொட்டலம் தொலைந்தால் மௌனம் கேட்பதில்லை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். முந்தைய 20 மில்லி விநாடியை நீட்டி, மங்கவைத்து, இடைவெளியை மூடிவிடுகிறது கோடெக். ஒன்றிரண்டு தொலைந்தால் காதுக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் வெளியான ஓபஸ் 1.5 இதில் ஒரு படி மேலே போனது. நரம்பு வலைக் கணிதத்தைக் கொண்டு, தொலைந்த இடத்தில் என்ன ஒலி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும் வசதி அதில் இருக்கிறது. அடல் தொடங்கிய ஊகம் இப்போது, வராத ஒலியையும் எழுதத் துணிந்திருக்கிறது.

பேச்சு இனிமையாகிறது, சந்தேகமில்லை. ஆனால் உடைந்த குரலில் ஒரு நன்மை இருந்தது: உடைந்தது தெரிந்தது. கேட்டவர் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்டார். ஊகம் வழுவழுப்பாகும்போது அந்தக் கேள்வி எழாமல் போகலாம். தமிழில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. ‘படு’வுக்கும் ‘பட்டு’வுக்கும், ‘கல்’லுக்கும் ‘கால்’லுக்கும் வித்தியாசம் நேர அளவில் இருக்கிறது. பல பொட்டலங்கள் சேர்ந்தாற்போல் தொலைந்தால் அந்த அளவு குலையும். ‘பதினைந்து’ என்ற சொல்லின் முதல் கால் விநாடியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ‘ஐந்து’ போலவே ஒலிக்கும்.

2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், டாக்டர்கள் குரல் அழைப்பு மூலமும் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வழி செய்தன. காக்ஸ் டவுனில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் இன்சுலின் அளவைப் போனிலேயே கேட்டுக்கொள்ளும் காலம் இது. ஐந்து யூனிட்டா, பதினைந்தா என்பது இங்கே உச்சரிப்பு விவகாரம் அல்ல. அந்த எண்ணைக் கோடெக்கின் ஊகத்துக்கு விடாமல், ‘ஒன்று, ஐந்து; பதினைந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லி, அதையே திரும்ப ஒப்பித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு சொற்களும் கம்பியில் பிடிக்கும் இடம் சில கிலோபைட். எந்தச் சந்தா திட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.